களிமண் ஆணிகளை வகைபிரிப்பது எப்படி

தெற்கு ஈராக்கின் பழைய நகர மேடுகளில், குறிப்பாக ஊருக், கிர்சு, உர் மாதிரியான இடங்களில், களிமண் ஆணி, அதாவது பழங்காலக் கட்டிடச் சுவர்களில் செருகிய கூம்பு வடிவக் களிமண் துண்டு, அபூர்வப் பொருள் அல்ல. கூடை கூடையாக வரும். முழுசாக வருவது கொஞ்சம், உடைந்து வருவது நிறைய. தோண்டுகிறவர்கள் அன்றைய வேலையை முடித்துக் கை கழுவும் நேரத்தில்தான் என் வேலை ஆரம்பிக்கும். நான் பொருள் பதிவாளர். பையைப் பிரிப்பது, அளப்பது, வரைவது, வகைபிரிப்பது, எண் போடுவது எல்லாம் என் பொறுப்பு. அந்த மேசைக்கு வரும் பொருட்களில் எனக்கு மிகவும் பிடித்தவை இந்த ஆணிகள்.

புதிதாக மேசைக்கு வருகிறவர்கள் ஆணியை எடுத்ததும் எழுத்து இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பார்கள். இருந்தால் ஒரு தட்டு, இல்லாவிட்டால் இன்னொரு தட்டு. வேலை சீக்கிரம் முடியும். ஆனால் எழுதப்பட்ட ஆணியின் நுனி மட்டும் உடைந்து வந்திருந்தால், அது எழுத்தில்லாத தட்டில் போய் விழும். இரண்டு துண்டும் மறுபடி சந்திக்கவே சந்திக்காது. நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு கேள்வி: இந்த ஆணி சுவரில் இருந்தபோது யார் கண்ணில் படுவதற்காக இருந்தது? வாசலில் நிற்பவர் பார்ப்பதற்காகவா, பேரம் முடிந்த அன்று கூடியிருந்தவர்களுக்காகவா, அல்லது யாரும் பார்க்காமல் சுவருக்குள்ளேயே கிடப்பதற்காகவா? இதற்குப் பதில் ஆணியின் உடம்பிலேயே இருக்கிறது. எழுத்தை அப்புறம் படிக்கலாம்.

கழுவுவதற்கு முன்

பையின் துண்டுச்சீட்டை முதலில் படியுங்கள். எந்தக் குழி, எந்த மண்ணடுக்கு, எந்தச் சுவர் என்பது அதில் இருக்கும். ஒரு பையில் இருப்பதை மொத்தமாக ஒரே தட்டில் கொட்டி, வேலை முடியும்வரை வேறு பையைத் திறக்காதீர்கள். இதில் நான் மிகவும் கண்டிப்பு.

தண்ணீர் வேண்டாம். நன்றாகச் சுட்ட ஆணிகளும் உண்டு, வெயிலில் மட்டும் காய்ந்தவையும் உண்டு, அரைகுறையாக வெந்தவையும் உண்டு. வெளிப் பார்வைக்கு மூன்றும் ஒரே மாதிரித் தெரியலாம். சுடாத ஆணி தண்ணீர் பட்டால் குழைந்துவிடும், எழுத்தும் அதோடு போகும். மென்மையான தூரிகையால் காய்ந்த மண்ணைத் தட்டுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் சாந்து, சுண்ணப் பூச்சு, கறுப்பு நிலக்கீல் எதையும் சுரண்ட வேண்டாம். அவைதான் ஆணி சுவரில் எப்படி உட்கார்ந்திருந்தது என்பதற்குச் சாட்சி. அதை வரைந்து, படம் எடுத்து முடித்த பிறகு சுத்தம் செய்வதைப் பற்றி யோசிக்கலாம். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அதைப் பாதுகாப்பு வல்லுநரிடம் விட்டுவிடுங்கள்.

வெர்னியர் காலிப்பர், ஒரு சிறு தராசு, மண்ணின் நிறத்தைக் குறிக்க முன்செல் வண்ண அட்டை, பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க ஒரு விளக்கு, இவ்வளவு போதும். விளக்கை நேர் மேலிருந்து அடித்தால் எழுத்தின் பள்ளம் தெரியாது. கிட்டத்தட்டப் படுக்கை வசத்தில், இடதுபுறம் மேலிருந்து சாய்வாக அடியுங்கள்.

இது ஆணிதானா?

கூம்பு மாதிரி இருப்பதெல்லாம் சுவர் ஆணி அல்ல. விரல் நுனி அளவே உள்ள குட்டையான கூம்புகள் வரும். அவை பெரும்பாலும் கணக்கு வைக்கப் பயன்பட்ட களிமண் வில்லைகளின் இனத்தைச் சேர்ந்தவை. அகலத்தையும் உயரத்தையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். கணக்கு வில்லை குட்டை, மேசையில் நிமிர்ந்து நிற்கும். சுவர்க் கூம்பு நெடியது, நிற்காது. விலங்குப் பொம்மையின் உடைந்த கொம்பும் கூம்பாகவே வரும். அதில் பெரும்பாலும் ஒரு வளைவும், உடைந்த அடியில் உடம்போடு ஒட்டியிருந்த தழும்பும் இருக்கும்.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது வளைந்த ஆணி. உபைது காலத்துத் தளங்களில், அதாவது ஊருக் காலத்துக்கும் முந்தைய எரிடு, உர், டெல் அல் உபைது போன்ற இடங்களில், வட்டத் தலையும் ஒரு பக்கமாக வளைந்த தண்டும் கொண்ட சுட்ட களிமண் ஆணிகள் கிடைக்கின்றன. சுவரில் செருகியவை என்று சிலரும், அரைக்கும் கருவி என்று சிலரும் சொல்வார்கள். வாதத்தில் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பட்டியலில் எழுதாதீர்கள். தலையின் மேற்பரப்பு தேய்ந்திருக்கிறதா, தேய்மானம் ஒரே திசையில் கீறலாக ஓடுகிறதா, தண்டில் சாந்து ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் எழுதுங்கள். தலை வழுவழுவென்று தேய்ந்து தண்டு சுத்தமாக இருந்தால் அது கைப்பிடியாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். தண்டில் சாந்தும் தலையில் தேய்மானமின்மையும் இருந்தால் கதை மாறும். ஒரே வடிவத்துக்கு ஒரே வேலைதான் இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எகிப்தின் தீப்ஸ் நகரக் கல்லறைகளில் கிடைக்கும் கூம்புகளை இதனுடன் சேர்க்கக் கூடாது. அவற்றில் அகன்ற முகத்தில் இறந்தவரின் பெயரும் பதவியும் முத்திரையாகப் பதிக்கப்பட்டிருக்கும். எகிப்திய வரலாற்றில் புதிய அரசுக் காலம் என்று சொல்லப்படும் காலகட்டத்தில்தான் மிகுதி. 600க்கும் மேற்பட்ட முத்திரை வகைகள் பட்டியலிடப்பட்டுள்ளன. அங்கே வகை என்பதே முத்திரைதான். மெசொப்பொத்தேமிய ஆணிக்கு அந்த முறை பொருந்தாது.

எல்லோரும் பார்க்க வைத்தவை

ஊருக் நகரின் எயன்னா கோயில் வளாகத்தில், கி.மு. 4ஆம் ஆயிரமாண்டின் பிற்பாதியில், பச்சைச் செங்கல் (அதாவது சுடாத செங்கல்) சுவர்களின் மேல் தடித்த களிமண் பூச்சுப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே ஆயிரக்கணக்கான சின்னக் கூம்புகளை ஒன்றையொன்று ஒட்டிச் செருகினார்கள். கூர்முனை உள்ளே, மொட்டை முனை வெளியே. வெளியே தெரியும் வட்டங்களில் கறுப்பு, சிவப்பு, களிமண்ணின் சொந்த வெளிர் நிறம். வளைவுக் கோடு, சாய்சதுரம், முக்கோணம் என்று நாணல் பாய் நெய்ததைப் போலச் சுவர் முழுவதும் ஓடும். 1850களில் வில்லியம் கென்னெட் லாஃப்டஸ் அந்த மேட்டில் இப்படி ஒரு சுவரைக் கண்டு எழுதினார். ஜெர்மானிய அகழாய்வு 1912இல் தொடங்கியது. அங்கிருந்து போன கூம்புச் சுவர் ஒன்றின் மீட்டமைப்பு பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அழகு மட்டுமல்ல, காற்றிலும் மழையிலும் கரையும் பச்சைச் செங்கலுக்கு இது ஒரு கவசமும்கூட.

இவற்றை அடையாளம் காண்பது எளிது: தலை என்று தனியாக எதுவும் இல்லை. தண்டு மொட்டை முனையிலிருந்து கூர்முனைவரை சீராகக் குறுகும். நீளம் பெரும்பாலும் ஒரு கைவிரல் அளவு, 8 முதல் 12 செ.மீ. வரை. என் பட்டியலில் தலை இல்லாததைக் கூம்பு என்றும் தலை உள்ளதை ஆணி என்றும் எழுதுவேன். நீங்களும் ஏதாவது ஒன்றை முடிவு செய்து கடைசிவரை மாற்றாமல் எழுதுங்கள்.

கூம்பில் அளக்க வேண்டிய முக்கியமான எண் நீளம் அல்ல, மொட்டை முனையின் விட்டம். நீளம் சுவருக்குள் மறைந்துவிடும். கைவேலைக்காரர் அதில் கவனம் காட்டவில்லை. ஆனால் வட்டங்கள் அடுத்தடுத்து ஒட்டி உட்கார்ந்து கோலம் கோணாமல் வர வேண்டுமானால் விட்டம் ஒத்திருக்க வேண்டும். ஆகவே ஒரே சுவரைச் சேர்ந்த கூம்புகளின் விட்டம் நெருங்கி நிற்கும். உங்கள் தட்டில் விட்டங்களை வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். இரண்டு குவியலாகப் பிரிந்தால், இரண்டு சுவர் கலந்திருக்கலாம் என்று தோண்டியவரிடம் போய்ச் சொல்லுங்கள். இது எனக்கு மிகவும் பிடித்த வேலை. காலிப்பரோடு உட்கார்ந்திருப்பவரால் குழிக்குள் இருப்பவருக்கு உதவ முடிவது இங்கேதான்.

நிறத்தை மொட்டை முனையின் விளிம்பில் தேடுங்கள். நடுப்பகுதி தேய்ந்து போயிருந்தாலும் சாயம் விளிம்பைத் தாண்டித் தண்டின் பக்கவாட்டில் கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்த இடம் பூச்சுக்குள் இருந்ததால் வெயில் படவில்லை. சாயம் இல்லாத கூம்பை 'அலங்காரம் இல்லை' என்று ஒருபோதும் எழுதாதீர்கள். வெளிர் நிறமும் கோலத்தின் ஒரு நிறம்தான். சிவப்பையும் கறுப்பையும் மட்டும் எடுத்து வைத்து மற்றதைக் குப்பை மேட்டில் கொட்டினால், பிற்பாடு யாரும் அந்தச் சுவரின் நிற விகிதத்தைக் கணக்கிட முடியாது.

மூன்று கிளை வகைகளைத் தனித் தட்டில் வையுங்கள். ஒன்று, கல் கூம்பு. ஊருக்கிலேயே ஒரு கட்டிடத்தில் களிமண்ணுக்குப் பதிலாக வெவ்வேறு நிறக் கற்களைச் செதுக்கிச் செருகியிருக்கிறார்கள். அதனாலேயே அது கல் கூம்புக் கோயில் என்று பெயர் பெற்றது. அங்கே நிறம் சாயமல்ல, கல்லின் சொந்த நிறம். இரண்டு, மொட்டை முனை குழிந்திருக்கும் கூம்பு. குழியின் ஆழத்தையும் அளந்து எழுதுங்கள். மூன்று, ஊருக்கிலிருந்து வெகு தூரத்தில் கிடைப்பவை. சிரியாவின் ஹபூபா கபீராவில் கிடைத்தவை ஊருக் பண்பாட்டோடு தெளிவாகச் சேர்கின்றன. நைல் கழிமுகத்தில் புட்டோவில் 1980களில் கிடைத்த களிமண் ஆணிகளை முதலில் ஊருக் கட்டிடக்கலையின் தடயமாகப் பார்த்தார்கள். பிறகு அதில் ஐயம் எழுந்தது. வடிவம் ஒத்துப்போவது மட்டும் போதாது, அந்த இடத்தில் கூம்பு பதித்த சுவரும் வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. தொலைவில் கிடைத்தால் வகைப் பெயரை எழுதாமல் வடிவத்தை மட்டும் விவரியுங்கள்.

மறைப்பதற்காக எழுதியவை

இனி தலை உள்ள ஆணிகள். கிர்சுவில், இன்றைய டெல்லோவில், எர்னெஸ்ட் தெ சார்செக் 1877இல் தோண்டத் தொடங்கிய காலத்திலிருந்து இவை வந்துகொண்டே இருக்கின்றன. மிக அதிகமாகக் கிடைப்பவை, கிர்சு அடங்கியிருந்த லகாஷ் நாட்டின் ஆட்சியாளர் குதேயாவின் ஆணிகள், கி.மு. 22ஆம் நூற்றாண்டு. காளான் குடை மாதிரிக் கவிந்த சின்னத் தலை, கீழே குறுகும் தண்டு, தண்டைச் சுற்றி ஆப்பெழுத்து, அதாவது ஆப்பு வடிவக் குறிகளால் ஆன பழைய எழுத்து. இதைக் கோயில் சுவரின் செங்கல் வரிசைகளுக்கு நடுவே கூர்முனை உள்நோக்கியிருக்கச் செருகினார்கள். எழுத்து தண்டில் இருக்கிறது; தண்டு சுவருக்குள் இருக்கிறது. அன்றைக்கு நடமாடிய எவரும் அதைப் படித்திருக்க முடியாது. எழுதியது தெய்வத்துக்கு. அப்புறம், பல தலைமுறை கழித்து இடிந்த சுவரைப் புதுப்பிக்க வரும் இன்னொரு அரசனுக்கு.

இதைக் கண்ணால் உறுதிப்படுத்துங்கள். தலையின் அடிப்புறத்தில் சாந்து வளையமாக ஒட்டியிருந்தால் ஆணி சுவரில் செருகப்பட்டது உறுதி. தலையின் மேற்புறத்திலும் பூச்சு ஒட்டியிருந்தால் அது முழுக்கவே மூடப்பட்டிருந்தது. மேற்புறம் காற்றில் அரித்துத் தண்டின் எழுத்து மட்டும் கூர்மையாக இருந்தால் தலை வெளியே தெரிந்திருக்கும். எங்கும் சாந்தே இல்லாமல், எழுத்தும் புதுசு போல இருந்தால், சுவருக்குப் போகாமலேயே மிஞ்சிப் போன ஆணியாக இருக்கலாம். இந்த நான்கு நிலையும் என் படிவத்தில் தனிப் பெட்டிகள். எழுத்தைப் படிக்கத் தெரியாதவரும் இதை நிரப்பலாம்.

தலையின் வடிவத்தை மூன்றாகப் பிரித்தால் பெரும்பாலும் போதும்: கவிந்த தலை, தட்டையான வட்டத் தலை, தண்டைவிட மிக அகன்று தட்டுப் போல விரிந்த தலை. விரிந்த தலையாக இருந்தால் அதன் முகத்தையும் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். குதேயாவுக்குப் பிந்தைய இசின், லார்சா நகர அரசர்களின் காலத்திலும் அதையடுத்தும் தலையிலும் எழுதிய ஆணிகள் உண்டு. தண்டில் உள்ளதே தலையிலும் வரலாம்.

சரி, இப்போது எழுத்துக்கு வரலாம். இந்த ஆணிகளின் மொழியான சுமேரியம் தெரியாவிட்டால்கூட நீங்கள் செய்யக்கூடியது நிறைய. எத்தனை பத்திகள், ஒவ்வொன்றிலும் எத்தனை வரிகள், வரிகளுக்கு நடுவே கோடு போட்டிருக்கிறதா, எழுத்து எந்த முனையை நோக்கி ஓடுகிறது, எழுதாமல் விட்ட இடம் எவ்வளவு என்று குறியுங்கள். குதேயாவின் மிகப் பரவலான ஆணி எழுத்து 10 வரிகள் கொண்டது. அதன் சாரம் இது: என்லில் தெய்வத்தின் வலிய வீரனான நின்கிர்சு தெய்வத்துக்கு, லகாஷின் ஆட்சியாளன் குதேயா, தகுந்ததைத் தகுந்தபடி விளங்கச் செய்தான், வெண் அன்சு என்ற புராணப் பறவையாகிய எனின்னு கோயிலைக் கட்டினான், அதை அதன் இடத்தில் மீட்டமைத்தான். முழு ஆணி ஒன்றைப் பக்கத்தில் படமாக வைத்துக்கொண்டால், உடைந்த துண்டில் உள்ள நாலைந்து குறிகள் எந்த வரியில் பொருந்துகின்றன என்று கொஞ்ச நாளில் கண்டுபிடிக்கப் பழகிவிடும்.

ஒரு பொறியை மட்டும் சொல்லிவிடுகிறேன். முதல் வரி நட்சத்திரம் போன்ற குறியோடு தொடங்கினால் 'குதேயா' என்று எழுதிவிடத் தோன்றும். அந்தக் குறி தெய்வப் பெயருக்கு முன்னால் வருவது. குதேயாவின் எழுத்து நின்கிர்சு பெயரில் தொடங்குவதால் அது அங்கே இருக்கிறது. ஆனால் இசின் அரசன் லிபித் இஷ்தாரின் ஆணியும் அதே குறியோடுதான் தொடங்கும், ஏனென்றால் அந்த அரசன் தன் பெயரையே தெய்வப் பெயர் போல எழுதினான். ஊருக் அரசன் சின்காஷித்தின் பெயரிலும் நிலவுத் தெய்வம் இருப்பதால் அங்கேயும் நட்சத்திரம் வரும். குறைந்தது மூன்று வரி பொருந்தினால்தான் அரசனின் பெயரை எழுத வேண்டும்.

லிபித் இஷ்தாரின் ஆணி இன்னொரு பாடமும் தரும். நிப்பூரின் பணிவான மேய்ப்பன், உர் நகரின் உண்மையான உழவன், எரிடுவை ஓயாமல் பேணுபவன், ஊருக் நகருக்கு ஏற்ற குரு, இசின் அரசன், சுமேர் அக்காத் நாட்டு அரசன் என்று தன்னை அறிமுகம் செய்துகொள்கிறான். ஒரே ஆணியில் இத்தனை ஊர்! நகரின் பெயரைப் பார்த்ததும் கிடைத்த இடம் அதுதான் என்று யாராவது எழுதிவிட்டால் பட்டியல் நாசமாகிவிடும்.

எழுத்தின் நீளமும் ஒரு தடயம். 'சின்காஷித், ஊருக்கின் அரசன், தன் அரண்மனையைக் கட்டினான்' என்ற அளவிலேயே முடிகிற ஆணிகள் ஏராளம். ஆனால் அதே அரசனின் வேறொரு ஆணி தன் ஆட்சியில் ஒரு ஷெக்கல் வெள்ளிக்கு 3 குர் பார்லி, 12 மினா கம்பளி, 10 மினா செம்பு, 30 சிலா எண்ணெய் கிடைத்தது என்று (இவை அக்கால எடை, முகத்தல் அளவுகள்) பெருமைப்படுகிறது. இன்னும் முந்தைய காலத்துக்குப் போனால், கி.மு. 2400 வாக்கில் லகாஷை ஆண்ட என்மெதேனா ஊருக் அரசன் லுகல்கினிஷெதுதுவோடு சகோதர உடன்பாடு செய்துகொண்டதைப் பல ஆணிகளில் எழுதிப் பாத்திபிரா நகரின் கோயில் கட்டிடத்தில் வைத்தான். பக்கத்து நாடான உம்மாவோடு இருந்த எல்லைத் தகராறை எழுதிய, அதே என்மெதேனாவின் கூம்பு வேறு இனம். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் அது சுமார் 27 செ.மீ. உயரம், பருத்த உடம்பு, சுற்றிலும் பத்தி பத்தியாக எழுத்து. அதைக் கட்டிட ஆணிகளோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

சாட்சிகளுக்காக அடித்தவை

இந்த வகை எண்ணிக்கையில் சிறியது, ஆனால் எனக்கு மிகவும் நெருக்கமானது. என்மெதேனா காலத்தை ஒட்டிய லகாஷ் நாட்டில் வீடு விற்ற பத்திரங்களைக் களிமண் கூம்பில் எழுதியிருக்கிறார்கள். வாங்கியவர், விற்றவர், கொடுத்த விலை, சாட்சிகள் எல்லாம் வரும். கடைசியில், அறிவிப்பாளர் சுவரில் ஆணியை அடித்தார், பக்கத்தில் எண்ணெய் பூசினார் என்று வரும். அரசனும் இல்லை, கோயிலும் இல்லை. அக்கம்பக்கத்தார் பார்க்க நடந்த காரியம்.

எழுத்தில் பெயர்களும் எண் குறிகளும் அடுக்கடுக்காக வந்தால் கட்டிட ஆணி என்று முடிவு செய்யாமல் நிறுத்துங்கள். எண் குறிகள் வட்டமாகவும் அரைவட்டமாகவும் பதிந்திருப்பதால் எழுத்து தெரியாதவருக்கும் கண்ணில் படும். நீளவாக்கில் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். துளைக்குள் மண் அடைத்திருந்தால் எடுக்காதீர்கள். உள்ளே கயிறோ குச்சியோ இருந்த தடம் கிடைக்கலாம்.

வடக்கும் கிழக்கும்

அசீரியாவில் ஆணி பெருத்துவிடுகிறது. அஷூர் நகரில் கிடைக்கும் ஆணிகள் பல தடித்த தண்டும் குமிழ்த் தலையும் கொண்டவை. எழுதிய மொழி அக்காதியம். மத்திய அசீரியக் காலத்து எழுத்துகளில் வருங்கால அரசனிடம், சுவர் பழசாகி இடிந்தால் புதுப்பித்து என் ஆணிகளை அவற்றின் இடத்திலேயே திரும்ப வை என்று கேட்பார்கள். ஒரு முந்தைய அரசனின் ஆணி பிந்தைய அரசனின் சுவரில் கிடைத்தால் ஆச்சரியப்பட வேண்டாம், கேட்டபடியே செய்திருக்கிறார்கள். இங்கே ஆணியின் காலமும் சுவரின் காலமும் வேறு. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும். சிலவற்றில் அந்த ஆண்டுக்குப் பெயர் தந்த அதிகாரியின் பெயரும் இருக்கும். அது கிடைத்தால் காலம் ஆண்டுக் கணக்கிலேயே வந்துவிடும்.

பிற்கால அசீரியாவில் நடுவே குமிழ் துருத்தும் வண்ணமெருகிட்ட சுவர்த் தகடுகள் உண்டு. அவற்றின் குமிழ் தனியாக உடைந்து வந்தால் ஆணித் தலை போலவே இருக்கும். குமிழின் கழுத்தில் தகட்டின் உடைந்த விளிம்போ, தகடு உட்கார்ந்த தடமோ தெரிகிறதா பாருங்கள். அசீரிய நகரமான நிம்ருதில் அரசன் இரண்டாம் அஷூர்நசிர்பாலின் (கி.மு. 883–859) பெயர் பொறித்த களிமண் கைகளும் உண்டு: மடக்கிய விரல்கள், பின்னால் சுவருக்குள் போகும் பகுதி. ஒடிந்த விரல் ஒன்று மட்டும் தட்டில் வந்தால் அதைக் கூம்பு என்று எண்ணிவிட வாய்ப்பு இருக்கிறது, நகத்தைத் தேடுங்கள்.

ஈரானில், ஏலாம் நாட்டுச் சோகா சன்பில்லில், உந்தாஷ் நப்பிரிஷா கட்டிய படிக்கோபுர வளாகத்தில் அரசனின் பெயர் எழுதிய மெருகிட்ட குமிழ்கள் கிடைத்தன. ரோமன் கிர்ஷ்மன் 1951 முதல் 1962 வரை அங்கே தோண்டினார். மெருகு உரிந்து வெறும் களிமண்ணாகத் தெரியும் துண்டுகளில் பள்ளங்களின் அடியைப் பாருங்கள், பச்சையோ நீலமோ துளி ஒட்டியிருக்கும்.

இவை எல்லாமே பார்க்கப்படுவதற்காகவே செய்தவை. குதேயா மறைத்து வைத்ததை இவர்கள் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். ஒரே வடிவத்தின் ஆயிரம் ஆண்டுக் கால மாற்றம் இது. எழுத்தை மட்டும் பார்த்துத் தட்டைப் பிரித்திருந்தால் கண்ணில் பட்டிருக்காது.

உடைந்ததை எண்ணுவது

ஒரு பையில் 40 துண்டு இருக்கிறது என்றால் 40 ஆணி இருந்தது என்று பொருள் அல்ல. தலை, தண்டு, நுனி என மூன்றாகப் பிரித்துத் தனித்தனியாக எண்ணுங்கள், எடையும் போடுங்கள். பாதிக்கு மேல் உள்ள தலையை மட்டும் ஒன்று என்று எண்ணினால் ஒரே தலையை இரண்டு முறை எண்ண மாட்டீர்கள். நுனிகளையும் அதே போல. இரண்டில் எது பெரிய எண்ணோ, குறைந்தபட்சம் அத்தனை ஆணிகள் இருந்தன. தலையைவிட நுனி மிக அதிகமாக இருந்தால், தலைகளை யாரோ பொறுக்கிப் போயிருக்கலாம், அல்லது தலைகள் வெளியே இருந்ததால் உடைந்து உதிர்ந்து வேறு இடத்தில் கிடக்கலாம். சுவரின் அடிவாரத்து மண்ணிலிருந்து வந்த பையை இதோடு ஒப்பிட்டால் விடை கிடைக்கும்.

துண்டுகளைப் பொருத்திப் பார்க்கும்போது உடைந்த முகங்களை ஒன்றோடொன்று தேய்க்காதீர்கள். களிமண்ணின் உள்நிறம், கலந்திருக்கும் வைக்கோல் தடம், மணல் பருமன் ஆகியவை ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு ஒரே ஒரு முறை மெல்ல வைத்துப் பாருங்கள். உருட்டிய கையின் ரேகை பல கூம்புகளில் இருக்கிறது. இருந்தால் நெருக்கத்தில் ஒரு படம் எடுங்கள்.

கிடைத்த இடமும் சொல்லும் இடமும்

எந்தப் படிவத்திலும் இரண்டு கட்டம் வேண்டும் என்று நான் சண்டை போடுவேன்: ஆணி கிடைத்த இடம் ஒன்று, ஆணியின் எழுத்து சொல்லும் கட்டிடம் இன்னொன்று. முதலாவது தெரியவில்லை என்றால் வெறுமையாக விட வேண்டும். இரண்டாவதை அங்கே நகலெடுத்துப் போடவே கூடாது.

இது அலுவலகச் சடங்கு அல்ல. 2003இல் லண்டனில் காவல்துறை கைப்பற்றிய எட்டுப் பழம்பொருட்களை 2018இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் ஈராக்கிடம் ஒப்படைத்தது. அவற்றில் குதேயாவின் எனின்னு கோயில் எழுத்துள்ள கூம்புகள் மூன்று இருந்தன. அருங்காட்சியகத்தின் குழு டெல்லோவில் அதே கோயிலின் சுவரிலேயே அதே எழுத்துள்ள கூம்புகளை எடுத்திருந்ததால், திருடு போனவை எந்த மேட்டிலிருந்து போயின என்று சொல்ல முடிந்தது. சுவரில் இருந்த இடத்தோடு பதிவான சாதாரண ஆணிகள்தான் அந்த மூன்றுக்கும் வீட்டு முகவரி தந்தன. ஒவ்வொன்றும் ஒரே எழுத்துத்தானே, எதற்கு இத்தனை பதிவு என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

மேசை இல்லாதவர்களும் பழகலாம். சிடிஎல்ஐ என்ற இணையத் தரவுத்தளத்தில் ஆப்பெழுத்துப் பொருட்களின் படங்களும் எழுத்துப்பெயர்ப்புகளும் இலவசமாக இருக்கின்றன. குதேயாவின் கூம்புகளைத் தேடிப் பல படங்களை வரிசையாகப் பாருங்கள். பொருளின் விவரத்தில் கிடைத்த இடம் எத்தனை பதிவுகளில் உறுதியாக இருக்கிறது, எத்தனையில் இல்லை என்று பிரித்துப் பாருங்கள், உங்களுக்கே கோபம் வரும்.

சீட்டு எழுதுவது

நான் எழுதும் சீட்டு இந்த வரிசையில் போகும்: பையின் எண்ணும் மண்ணடுக்கும், கூம்பா ஆணியா, முழுசா, தலையா, தண்டா, நுனியா, தலையின் வடிவமும் விட்டமும், இருக்கும் நீளம், முழு நீளம் தெரிந்தால் அதுவும், எடை, உள்நிறம், வெளிநிறம், சுட்டதா சுடாததா, சாந்து, பூச்சு, நிலக்கீல், சாயம் எங்கெங்கே, வெளியே தெரிந்ததா மறைந்ததா, எதை வைத்துச் சொல்கிறேன், எழுத்து இருந்தால் பத்தி, வரி, படிக்க முடிந்தவை. அரசனின் பெயரும் காலமும் கடைசி வரி. பென்சிலில் எழுதுவேன், வேறொருவர் படித்து உறுதிசெய்த பிறகு மையில்.

படம் நிஜ அளவிலேயே வரையுங்கள். பக்கத் தோற்றம், தலையின் மேல் தோற்றம், நடுவில் வெட்டினால் தெரியும் குறுக்குவெட்டு மூன்றும் வேண்டும்.

எண் எழுதும் இடத்தில் முதலில் பாராலாய்ட் பி-72 என்ற நிறமற்ற பிசினில் ஒரு மெல்லிய பூச்சு, அது காய்ந்ததும் மேலே மை, அதற்கு மேல் இன்னொரு பூச்சு. எழுத்தின் மீதும் உடைந்த முகத்தின் மீதும் எண் போடக் கூடாது. சுடாத ஆணியில் எதையும் எழுத வேண்டாம். எண்ணை அதன் பெட்டியில் போடுங்கள். கூர்முனையில் எடை விழாதபடி பஞ்சுப் பலகையில் பள்ளம் வெட்டிப் படுக்க வையுங்கள்.

எந்தத் தட்டிலும் சேராதது சில எப்போதும் மிஞ்சும். அவற்றை அருகில் உள்ள வகையில் தள்ளிவிடாதீர்கள். 'வகை தெரியாதவை' என்று ஒரு பெட்டி வைத்து, மற்றவற்றுக்கு எழுதிய அதே முழுச் சீட்டை அவற்றுக்கும் எழுதி வையுங்கள். பருவத்தின் கடைசி வாரத்தில், சுவரின் வரைபடம் முடிந்த பிறகு, அந்தப் பெட்டியை மட்டும் தோண்டியவரோடு சேர்ந்து உட்கார்ந்து மறுபடி திறந்து பாருங்கள். அப்போது பாதிக்கு இடம் கிடைத்துவிடும். மீதியை அப்படியே, அதே தலைப்பில், அச்சாகும் பட்டியலிலும் போடுங்கள்.